ஊரும் பேரும் உள்ள காப்பி

பெங்களூரின் பழைய கண்டோன்மென்ட் பகுதியின் தென்புறத்தில், ரிச்மண்ட் டவுனுக்கும் விவேக் நகருக்கும் அருகே அமைந்துள்ளது ஆஸ்டின் டவுன். தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வரும் பகுதி இது. இத்தகைய பழைய குடியிருப்புகளில் காப்பித் தூளை வறுத்து அரைக்கும் கடைக்குச் சென்று, "பிளான்டேஷன் ஏ பாதி, பீபரி பாதி, சிக்கரி இவ்வளவு" என்று சொல்லி, கண்ணெதிரே அரைத்து வாங்குவது நெடுநாள் வழக்கம். நாட்டின் காப்பித் துறையை நெறிப்படுத்தும் காப்பி வாரியத்தின் தலைமை அலுவலகம் டாக்டர் அம்பேத்கர் வீதியில், இங்கிருந்து சில கிலோமீட்டர் தொலைவிலேயே உள்ளது. காப்பி விளையும் மலைகளும் பெங்களூரிலிருந்து அரை நாள் பயணத்தில் எட்டக்கூடியவை.

அண்மைக் காலமாக இந்நகர மக்களுக்கு மற்றொரு வாய்ப்பும் கிடைத்துள்ளது. எந்த மலையில் விளைந்தது, எந்தத் தோட்டத்தைச் சேர்ந்தது, எந்த நாளில் வறுக்கப்பட்டது என்ற விவரங்கள் அச்சிடப்பட்ட உறைகளில் முழுக் காப்பிக்கொட்டை விற்பனைக்கு வருகிறது. அதன் விலை, சிக்கரி கலந்த சாதாரணத் தூளின் விலையைவிடக் கணிசமாகக் கூடுதல். அந்தக் கூடுதல் விலைக்கு வாங்குபவர் பெறுவது யாது? அதில் ஒரு பங்காவது மலையில் உழைக்கும் விவசாயியைச் சென்றடைகிறதா? இவ்விரு வினாக்களும் ஒன்றோடொன்று பிணைந்தவை. வாங்குவோர் தெளிவாகக் கேட்டு வாங்கும்போதுதான் விளைவிப்போருக்கும் பயன் கிட்டும் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஓரிடக் காப்பி

ஒரே மலைத்தொடரில், ஒரே வட்டாரத்தில், அல்லது ஒரே தோட்டத்தில் விளைந்து, பிற இடத்துக் கொட்டையுடன் கலக்கப்படாமல் விற்பனைக்கு வரும் காப்பியை ஓரிடக் காப்பி எனலாம். கடைகளில் வழங்கும் மற்ற பெயர்கள் இதனின்றும் வேறுபட்டவை. 'பிளான்டேஷன்' என்பது பழத்தின் தோலை நீக்கிக் கழுவிப் பதப்படுத்திய அரபிகா வகையைக் குறிக்கும். அதனுடன் வரும் 'ஏ', 'பி' போன்ற எழுத்துகள் கொட்டையின் பருமனைக் காட்டும் தர அளவுகள். 'பீபரி' என்பதைத் தனியொரு காப்பி இனம் என்று கருதுவோர் பலர். உண்மையில், பழத்தினுள் இரண்டு பருப்புகள் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்று மட்டுமே உருண்டு திரண்டிருந்தால் அதுவே பீபரி. எல்லாத் தோட்டங்களிலும் எல்லா இனங்களிலும் சிறு அளவில் இது கிடைக்கும், சலித்துப் பிரித்தெடுக்கிறார்கள்.

ஆகவே, நமது கடைகளில் காலங்காலமாக வழங்கும் பெயர்கள் கொட்டையின் அளவையும் பதத்தையும் சொல்லுமேயன்றி ஊரைச் சொல்லா. ஊர்ப்பெயர் மறைந்ததற்கு ஒரு வரலாற்றுக் காரணம் உண்டு.

பொதுத் தொகுப்பும் அதன் விளைவும்

1930-களின் உலகப் பொருளாதார மந்தத்தால் காப்பி விலை வீழ்ந்தது. தொழிலைக் காக்கும் பொருட்டு 1935-ஆம் ஆண்டில் காப்பித் தீர்வைக் குழு அமைக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போர் மூண்டதும் ஐரோப்பியச் சந்தைகள் கைநழுவின. விளைந்த காப்பி வாங்க ஆளின்றித் தேங்கிய நிலையில், 1942-ஆம் ஆண்டின் காப்பிச் சட்டப்படி பொதுத் தொகுப்பு முறை நிலைபெற்றது. வீட்டுத் தேவைக்கும் விதைக்கும் உரிய சிறு அளவு நீங்கலாக, விளைந்த காப்பி முழுவதையும் விவசாயிகள் வாரியத்தின் தொகுப்பில் ஒப்படைக்க வேண்டும். வாரியம் அதை ஏலத்தில் விற்று, வகைக்கும் தரத்துக்கும் ஏற்பப் புள்ளிகள் கணக்கிட்டு, விற்பனைத் தொகையைத் தவணைகளாக வழங்கியது.

போர்க்காலத்திலும் அதனைத் தொடர்ந்த ஆண்டுகளிலும் இம்முறை ஆற்றிய பணியைக் குறைத்து மதிப்பிட இயலாது. வாங்குவோர் இல்லாக் காலத்தில் சிறு விவசாயிக்கும் விற்பனை உறுதியாயிற்று. ஆராய்ச்சிக்கும் காப்பியைப் பரப்புவதற்கும் நிதி கிடைத்தது. ஆயினும், ஆயிரக்கணக்கான தோட்டங்களின் விளைச்சல் ஒரே தொகுப்பில் சேர்ந்தபோது ஒவ்வொன்றின் தனித்தன்மையும் அதிலே கரைந்தது. கனிந்த பழங்களை மட்டும் பொறுக்கியெடுத்துக் கவனமாகப் பதப்படுத்திய விவசாயிக்கும், காயும் பழமுமாக உருவிப் பறித்தவருக்கும் கிடைத்த தொகையில் பெரிய வேறுபாடு இருக்கவில்லை. இறுதித் தவணை வந்து சேரவும் காலதாமதம் ஏற்பட்டது.

1989-ஆம் ஆண்டு ஜூலையில் பன்னாட்டுக் காப்பி ஒப்பந்தத்தின் ஏற்றுமதி ஒதுக்கீட்டு முறை முறிந்தது. சோவியத் ஒன்றியம் 1991-இல் கலைந்தபோது நமது காப்பிக்கு இருந்த உறுதியான சந்தையும் தளர்ந்தது. இந்நிலையில் 1992-ஆம் ஆண்டு முதல் தொகுப்பு முறை படிப்படியாகத் தளர்த்தப்பட்டு, 1996-இல் விவசாயிகள் அனைவரும் தமது விளைச்சல் முழுவதையும் விரும்பியவருக்கு விற்கும் உரிமை பெற்றனர். ஓரிடக் காப்பி உள்நாட்டுக் கடைகளில் தன் பெயருடன் வருவதற்குரிய வழி அப்போதுதான் திறந்தது.

இத்தகைய அனுபவம் நமக்கு மட்டும் உரியதன்று. காப்பியின் தாயகமான எத்தியோப்பியாவில் 2008-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட பண்டச் சந்தையில், வட்டாரமும் தரமும் மட்டும் குறிக்கப்பட்டுக் காப்பி விற்பனையாயிற்று. எந்த ஊர்ச் சங்கத்தின் விளைச்சல் என்பது மறைந்தது. மூலத்தை அறிந்து வாங்க விரும்பிய வெளிநாட்டு வணிகர்களின் குறையைப் போக்க 2017-இல் விதிகள் திருத்தப்பட்டன. பெயர் மறைந்தால் மதிப்பும் குறைகிறது என்பதை இரு நாடுகளும் பட்டறிந்தன.

மலைக்கு மலை வேறுபாடு

ஒரே இனச் செடியும் இடத்துக்கேற்ப வேறுபட்ட சுவை தருகிறது. உயரம், மழை, மண், நிழல் தரும் மரங்கள் ஆகியவை அனைத்தும் இதற்குக் காரணமாகின்றன. பொதுவாக அரபிகா கடல் மட்டத்திலிருந்து 1,000 முதல் 1,500 மீட்டர் உயரத்திலும், ரோபஸ்டா 500 முதல் 1,000 மீட்டர் உயரத்திலும் நன்கு வளரும். உயர்ந்த இடத்தின் குளிர்ச்சியில் பழம் மெல்லக் கனிவதால் பருப்பு இறுகி, நறுமணப் பொருள்கள் மிகுதியாகச் சேர்கின்றன. அரபிகாவில் மணமும் மென்மையான புளிப்பும் மேலோங்கும். ரோபஸ்டாவில் கசப்பும் திண்மையும் மிகுதி; காஃபீனும் ஏறத்தாழ இருமடங்கு.

நாட்டின் காப்பி விளைச்சலில் ஏறத்தாழ 70 சதவீதம் கர்நாடகத்தைச் சேர்ந்தது. சிக்கமகளூர் மாவட்டத்தின் பாபாபுதன் மலைகள் இந்தியக் காப்பியின் பிறப்பிடமாகக் கருதப்படுகின்றன. பதினேழாம் நூற்றாண்டில் பாபா புதன் என்ற முஸ்லிம் துறவி ஏமன் நாட்டிலிருந்து ஏழு விதைகளைக் கொணர்ந்து இங்கே விதைத்தார் என்பது மரபுவழிச் செய்தி. இம்மலைகளின் அரபிகா, திண்மையும் புளிப்பும் சமநிலையில் அமைந்து, சாக்கலேட்டை நினைவூட்டும் மணம் உடையது எனப் போற்றப்படுகிறது. இம்மாவட்டத்தின் பாளேஹொன்னூரில் 1925-இல் தொடங்கப்பட்ட ஆராய்ச்சி நிலையமே இன்று மத்திய காப்பி ஆராய்ச்சி நிலையமாக விளங்குகிறது. அங்கு உருவாக்கப்பட்டு 1940-களில் விவசாயிகளுக்கு வழங்கப்பட்ட 'எஸ். 795' என்ற அரபிகா இனம், இலைத்துரு நோயை ஓரளவு தாங்கும் ஆற்றலும் நல்ல சுவையும் ஒருங்கே பெற்றதால் தென்னக மலைகளில் பரவலாக வேரூன்றியது.

நாட்டிலேயே மிகுதியாகக் காப்பி விளையும் மாவட்டம் குடகு. அரபிகாவும் ரோபஸ்டாவும் அங்கு விளைகின்றன. உயர்ந்த மரங்களின் நிழலில் மிளகும் உடன் வளர்கிறது. அண்டையிலுள்ள கேரளத்தின் வயநாடு, ரோபஸ்டாவுக்குப் பெயர் பெற்றது. அங்குள்ள விவசாயிகளில் மிகப் பெரும்பாலோர் மிகச் சிறிய நிலம் உடையவர்கள். மிளகு, பாக்கு, வாழை ஆகியவற்றுக்கு நடுவே காப்பியும் வளர்ப்பவர்கள்.

தமிழகத்தின் பங்கு அளவில் சிறிது. ஆனால் பெரும்பகுதி அரபிகா. ஏற்காடு அமைந்த சேர்வராயன் மலையில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், சேலம் ஆட்சியர் காக்பர்னின் முயற்சியால் காப்பி அறிமுகமாயிற்று. பழனி மலையின் கீழ்ப்பகுதியில் தாண்டிக்குடி, பண்ணைக்காடு ஆகிய ஊர்களைச் சுற்றிலும் காப்பியுடன் மலைவாழையும் ஆரஞ்சும் மிளகும் கலந்து பயிராகின்றன. தாண்டிக்குடியில் காப்பி வாரியத்தின் வட்டார ஆராய்ச்சி நிலையம் இயங்குகிறது. நீலகிரி, ஆனைமலை, போடி மலைப்பகுதி, கொல்லிமலை ஆகியவற்றிலும் காப்பி உண்டு. வடகிழக்குப் பருவமழை அறுவடைக் காலத்தோடு மோதுவதால், பறித்த பழத்தை உலர்த்துவது இங்குள்ள விவசாயிகளுக்குக் கடினமான பணி.

கிழக்குத் தொடர்ச்சி மலையில் ஆந்திரப் பிரதேசத்தின் அரக்கு, பாடேரு பகுதிகள் புதிய காப்பி நிலங்கள். 900 முதல் 1,100 மீட்டர் வரையிலான உயரத்தில் பழங்குடிக் குடும்பங்கள் அரபிகாவை வளர்க்கின்றன. காட்டை எரித்து இடம் மாறிப் பயிரிடும் போடு முறைக்கு மாற்றாக, சவுக்கைப் போல் உயர்ந்து வளரும் சில்வர் ஓக் மர நிழலில் காப்பியும் மிளகும் வளர்க்கும் திட்டத்தை ஒருங்கிணைந்த பழங்குடி மேம்பாட்டு முகமை ஊக்குவித்தது. பழங்குடியினர் விளைபொருள்களை வாங்கும் கிரிஜன் கூட்டுறவுக் கழகம் அரக்குக் காப்பியைத் தன் பெயரிலேயே விற்பனை செய்கிறது. ஊர்ப்பெயர் ஒரு பின்தங்கிய பகுதியின் பொருளாதாரச் சொத்தாக மாறியதற்கு இது தக்க எடுத்துக்காட்டு.

இம்மலைகளின் பெயரைப் பிறர் முறையின்றிப் பயன்படுத்தாதிருக்கச் சட்டப் பாதுகாப்பும் தேடப்பட்டது. 2019-ஆம் ஆண்டில் குடகு அரபிகா, வயநாடு ரோபஸ்டா, சிக்கமகளூர் அரபிகா, அரக்குப் பள்ளத்தாக்கு அரபிகா, பாபாபுதன்கிரி அரபிகா ஆகிய ஐந்தும் புவிசார் குறியீடு பெற்றன. மேற்குக் கடற்கரைக் கிடங்குகளில் பருவக்காற்றின் ஈரத்தில் வாரக்கணக்கில் பரப்பி வைத்து, வெளிறி உப்பச் செய்யும் 'மான்சூன்ட் மலபார்' காப்பி அவற்றுக்கு முன்னரே இக்குறியீட்டைப் பெற்றிருந்தது. பாய்மரக் கப்பல்களில் மாதக்கணக்கில் பயணம் செய்த காப்பி, கடற்காற்றால் நிறமும் சுவையும் மாறியதைக் கண்டு, அதே மாற்றத்தைக் கரையிலேயே ஏற்படுத்தும் முறை இது.

பதமும் வறுத்த நாளும்

சுவையை நிலம் மட்டும் தீர்மானிப்பதில்லை. பறித்த அன்றே பழத்தின் தோலை நீக்கி, பருப்பைச் சுற்றியுள்ள வழுவழுப்பைப் புளிக்க வைத்துக் கழுவி, மேலுறையுடன் உலர்த்துவது ஒரு முறை. இவ்வாறு பெறுவது 'பார்ச்மென்ட்'. பழத்தை அப்படியே களத்தில் பரப்பி உலர்த்துவது மற்றொரு முறை, அது 'செர்ரி'. கழுவிய காப்பியில் சுவை தெளிவாக இருக்கும். பழத்துடன் உலர்ந்ததில் திண்மையும் இனிப்பும் கூடும். உலர்த்துவதில் கவனம் தவறினால் பூஞ்சை வாடையும் ஏறும். கழுவும் முறைக்கு இயந்திரமும் தண்ணீரும் ஆட்களும் தேவைப்படுவதால், சிறு விவசாயிகள் பெரும்பாலும் பழத்தை உலர்த்தியே விற்கின்றனர்.

உலர்ந்த பச்சைக் காப்பிக்கொட்டை தக்க முறையில் சேமித்தால் ஓராண்டு வரை தரம் கெடாதிருக்கும். வறுத்த பின் நிலைமை முற்றிலும் வேறு. சுமார் 200 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் வறுபடும்போது கொட்டை எடையில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கை இழக்கிறது. நூற்றுக்கணக்கான நறுமணப் பொருள்கள் அப்போதுதான் உருவாகின்றன. கொட்டைக்குள் கரியமில வாயுவும் நிறைகிறது. முதல் சில நாட்களில் இவ்வாயு வேகமாக வெளியேறும். வறுத்த மூன்று, நான்கு நாட்களுக்குப் பின் சுவை சீரடைந்து, மூன்று, நான்கு வாரங்கள் வரை முழுக் கொட்டை நல்ல நிலையில் இருக்கும். பின்னர் காற்றிலுள்ள ஆக்சிஜன் மணத்தைக் குலைத்துவிடும். தூளாக அரைத்துவிட்டால் காற்றுபடும் பரப்பு பன்மடங்கு பெருகுவதால், சில நாட்களிலேயே மணம் குன்றும்.

நம் பாட்டிமார் பச்சைக் கொட்டையை வாங்கி வைத்து, கைப்பிடி கொண்ட இரும்பு உருளையில் வேண்டியபோது வறுத்து, சுவரில் பொருத்திய கை இயந்திரத்தில் அன்றாடம் அரைத்தனர். புதிதாக வறுத்த காப்பி என்பது மேல்நாட்டிலிருந்து இறக்குமதியான ஆடம்பரம் அன்று. வசதிக்காக நாம் கைவிட்ட நல்வழக்கமே அது.

விவசாயிக்குக் கிடைப்பது என்ன?

2019-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு வழங்கப்பட்டபோது அரசு வெளியிட்ட விவரப்படி, நாட்டில் சுமார் 4.54 லட்சம் ஹெக்டேரில் 3.66 லட்சம் விவசாயிகள் காப்பி பயிரிட்டனர். அவர்களுள் 98 சதவீதத்தினர் சிறு விவசாயிகள். காப்பி வளம் பெரும் எஸ்டேட் முதலாளிகளுக்கு மட்டுமே உரியது என்ற எண்ணம் உண்மைக்குப் புறம்பானது.

இச்சிறு விவசாயி தன் விளைச்சலை எவ்வாறு விற்கிறார்? களத்தில் உலர்ந்த பழத்தை 50 கிலோ மூட்டைகளாகக் கட்டி, ஊர் வணிகரிடம் கொடுக்கிறார். அம்மூட்டையிலிருந்து எத்தனை கிலோ பருப்பு தேறும் என்பதே விலையின் அடிப்படை. 'அவுட்டர்ன்' என்று இதைக் குறிப்பிடுவர். பருப்பின் எடை மட்டுமே கணக்கில் வருவதால், சுவைக்குத் தனி விலை இல்லை. பல ஊர் மூட்டைகளும் வணிகரின் கிடங்கில் ஒன்றாகி, பதனிடும் ஆலையில் தோல் நீங்கி, அளவுவாரியாகப் பிரியும்போது ஊர்ப்பெயர் மறைந்துவிடுகிறது. அன்று சட்டத்தால் நேர்ந்தது இன்று வணிகப் பழக்கத்தால் நேர்கிறது எனலாம்.

மூட்டை தனியே நின்று, சுவை சோதனையில் மதிப்பெண் பெற்று, ஊர்ப்பெயருடன் விற்குமாயின் நிலைமை மாறும். ஒரு ஹெக்டேரில் 800 கிலோ பருப்பு விளைவதாகவும், தனித்த விற்பனையால் கிலோவுக்கு 50 ரூபாய் கூடுதலாகக் கிடைப்பதாகவும் எடுத்துக்காட்டுக்காக வைத்துக்கொண்டால், குடும்பத்தின் ஆண்டு வருவாய் 40,000 ரூபாய் உயரும். கனிந்த பழங்களை மட்டும் பொறுக்க மூன்று, நான்கு முறை செடிகளைச் சுற்றி வர வேண்டியிருப்பதால் கூலிச் செலவும் கூடும். அச்செலவை ஈடு செய்த பின்னும் மிச்சம் இருந்தால்தான் விவசாயி இவ்வழியைத் தொடர்வார். ஒரு கிலோ அரபிகாப் பருப்புக்கு ஐந்து, ஆறு கிலோ பழம் கையால் பறிக்கப்படுகிறது என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும்.

உலக விலை உயர்ந்திருக்கும்போது இந்த வேறுபாடு பெரிதாகத் தோன்றாது. 2025-ஆம் ஆண்டு பிப்ரவரியில் நியூயார்க் சந்தையில் அரபிகாவின் விலை பவுண்டுக்கு 4 டாலரைத் தாண்டியது; அத்தகைய வேளையில் எந்தக் காப்பியும் நல்ல விலைக்குப் போகும். விலை வீழும்போதுதான் பெயரின் அருமை விளங்கும். 2001, 2002-ஆம் ஆண்டுகளில் உலக விலை அடிமட்டத்துக்குச் சென்றபோது வயநாட்டிலும் குடகிலும் சிறு விவசாயிகள் கடனில் ஆழ்ந்தனர். பெயரற்ற பண்டத்தை விற்பவர் உலகச் சந்தை சொல்லும் விலையையே ஏற்றாக வேண்டும். பெயர் அறிந்து வாங்கும் நுகர்வோரைப் பெற்றவருக்கு அவ்வீழ்ச்சியில் ஒரு பிடிமானம் உண்டு.

காட்டு வளமும் இதில் அடங்கியுள்ளது. பிற நாடுகளில் திறந்த வெளியில் காப்பி வளர்க்கும் பகுதிகள் பல உண்டு. நமது காப்பியோ பெரும்பாலும் பல்வகை மரங்களின் நிழலில் வளர்கிறது. காப்பியில் வருவாய் குறைந்தால் அம்மரங்களே விற்பனைச் சரக்காகிவிடும். காடழிப்பில் விளைந்த பண்டங்களைத் தடுக்க ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் இயற்றிய விதிமுறை, காப்பி விளைந்த நிலத்தின் இருப்பிடத்தையே ஏற்றுமதியாளர் காட்ட வேண்டும் என்கிறது. நமது விளைச்சலில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல் ஏற்றுமதியாவதாலும், அதில் பெரும்பகுதி ஐரோப்பாவுக்குச் செல்வதாலும், ஊரும் பேரும் காட்டுவது இனிக் கட்டாயமாகி வருகிறது.

கடையில் கேட்க வேண்டியவை

ஆஸ்டின் டவுனிலோ வேறெங்கேனுமோ காப்பிக்கொட்டை வாங்குவோர் ஐந்து விவரங்களைக் கேட்டறிதல் நலம்.

முதலாவது, இடம். 'மலைக் காப்பி', 'எஸ்டேட் காப்பி' போன்ற பொதுச் சொற்கள் போதா. வட்டாரமும், இயன்றால் தோட்டம் அல்லது விவசாயிகள் சங்கத்தின் பெயரும் இருக்க வேண்டும்.

இரண்டாவது, வகையும் பதமும். அரபிகாவா ரோபஸ்டாவா, கழுவியதா பழத்துடன் உலர்ந்ததா என்பது தெரிந்தால் சுவையை ஓரளவு முன்கூட்டியே கணிக்கலாம்.

மூன்றாவது, வறுத்த நாள். உறையில் 'இந்நாளுக்குள் பயன்படுத்தவும்' என்றுள்ள தேதி இதற்கு ஈடாகாது. உறையில் சிறு வால்வு இருந்தால், வாயு வெளியேறவும் காற்று உட்புகாதிருக்கவும் உதவும்.

நான்காவது, அறுவடை ஆண்டு. அரபிகா நவம்பர் முதல் ஜனவரி வரையிலும், ரோபஸ்டா டிசம்பர் முதல் பிப்ரவரி வரையிலும் பெரும்பாலும் பறிக்கப்படுகின்றன. அவ்வாண்டுக் கொட்டை கோடைக்காலம் முதல் கடைகளுக்கு வரத் தொடங்கும்.

ஐந்தாவது, சிக்கரி. சிக்கரி ஒரு செடியின் வேரை வறுத்துப் பொடித்தது; காப்பியன்று. கலவைத் தூளில் காப்பி 51 சதவீதத்துக்குக் குறையலாகாது எனவும், கலப்பின் விகிதத்தை உறையில் அச்சிட வேண்டும் எனவும் உணவுப் பாதுகாப்பு விதிகள் கூறுகின்றன. சிக்கரி சேர்ப்பது அவரவர் விருப்பம். ஆனால் ஓரிடக் காப்பிக்குக் கூடுதல் விலை கொடுத்து, அதில் சிக்கரியைக் கலந்தால் மலையின் சுவை மறைந்துவிடும்.

பால் சேர்த்து அருந்துவோர் மிக இளவறுப்புக் கொட்டையை வாங்கினால், பாலுடன் அதன் புளிப்பு பொருந்தாமற் போகலாம். நடுத்தர வறுப்பே டிகாக்ஷனுக்கு ஏற்றது. கழுவிய ரோபஸ்டாவில் ஒரு பங்கைச் சிக்கமகளூர் அல்லது சேர்வராயன் அரபிகாவுடன் தாமே கலந்துகொண்டால், சிக்கரி தரும் திண்மையைக் காப்பியிலிருந்தே பெறலாம்.

அளவிலும் கவனம் வேண்டும். நாளொன்றுக்கு 40 கிராம் தூள் செலவாகும் வீட்டுக்கு 250 கிராம் ஆறு நாட்களுக்கு வரும். மாதத்துக்கு ஒருமுறை ஒரு கிலோ வாங்குவதைவிட வாரத்துக்கு ஒருமுறை கால் கிலோ வாங்குவதே சிறந்தது. வீட்டில் அரைக்கும் கருவி இல்லாதோர் கடையிலேயே ஃபில்டருக்கு ஏற்ற பருமனில் அரைத்து வாங்கி, காற்றுப் புகாத பாத்திரத்தில் ஈரமும் வெயிலும் படாமல் வைக்கலாம். ஃபில்டரில் வெந்நீர் ஊற்றியதும் தூள் நுரைத்து உப்பினால் அது புதியது. அசைவின்றி அமிழ்ந்தால் பழையது என்று அறியலாம்.

பயன் பரவலாக

ஓரிடக் காப்பியின் பயன் இன்றளவும் பெரும்பாலும் சொந்த இயந்திரமும் உலர்களமும் உடைய நடுத்தர, பெரிய தோட்டங்களையே எட்டுகிறது. இரண்டு ஏக்கர் உடையவரின் நான்கு மூட்டைகளைத் தனியே பதனிட எந்த ஆலையும் எளிதில் முன்வராது. அவர் தனித்து நின்று இச்சந்தையில் நுழைய இயலாது. ஒரே மலைச்சரிவைச் சேர்ந்த விவசாயிகள் உற்பத்தியாளர் குழுவாகவோ கூட்டுறவாகவோ இணைந்து, பொதுவான தோல்நீக்கும் இயந்திரமும் உலர்களமும் அமைத்துக்கொண்டால், நாற்பது மூட்டைகள் கொண்ட ஒரு தொகுதி உருவாகும். அதைத் தனியே பதனிடலாம், சுவை சோதனைக்கு அனுப்பலாம், ஊர்ப்பெயரில் விற்கலாம்.

காப்பி வாரியம் பெங்களூரில் சுவை சோதனைக் கூடத்தை நடத்துகிறது. வறுத்தல், அரைத்தல், தயாரித்தல் ஆகியவற்றில் தொழில் முனைவோருக்கு 'காப்பி சாஸ்திரா' என்ற பயிற்சியையும் அளிக்கிறது. 2002-ஆம் ஆண்டு முதல் சிறந்த காப்பிக்கான விருதுப் போட்டியையும் நடத்தி வந்துள்ளது. இவ்வசதிகள் சிறு விவசாயிகளின் குழுக்களைச் சென்றடைவதே அடுத்த தேவை. தன் காப்பியைத் தானே சுவைத்து மதிப்பிடத் தெரிந்த விவசாயி, வணிகரிடம் விலை பேசும் நிலையே வேறு.

மற்றொரு முனையில் நிற்பவர் நுகர்வோர். ஆஸ்டின் டவுன் போன்ற பகுதிகளின் வறுத்து அரைக்கும் கடைகளுக்கு இயந்திரமும் அனுபவமும் நிலையான வாடிக்கையாளர்களும் உண்டு. 'பிளான்டேஷன் ஏ' என்று எழுதிய டப்பாவின் மேல் ஊர்ப்பெயரையும் வறுத்த நாளையும் சேர்த்து எழுத அவற்றுக்குப் பெரும் முதலீடு தேவையில்லை. பத்து வாடிக்கையாளர் தொடர்ந்து கேட்டால், கடைக்காரர் தமக்குக் கொட்டை வழங்கும் வணிகரைக் கேட்பார். வணிகர் பதனிடும் ஆலையைக் கேட்பார். தாண்டிக்குடியிலோ பாடேருவிலோ வயநாட்டிலோ உள்ள விவசாயியின் மூட்டை தனியே நிற்பதற்கு அந்தக் கேள்வியே தொடக்கமாகும்.